குளிர்ப்பெட்டியில் காற்றோட்டமும் வீட்டு உணவின் பாதுகாப்பும்

அறுவடையான நெல்லை ஈரம் உலருமுன் களத்தில் உயரமாகக் குவித்து வைத்தால், மேற்புறம் கைக்குக் குளிர்ச்சியாயிருக்க, நடுக்குவியல் சூடேறி நெல் நிறம் மாறுவதைக் காணாத குடியானவர் இல்லை. ஈர வைக்கோலைப் போர் போட்டாலும் இதுவே சம்பவிக்கும். வெளியே எவ்வளவு காற்று வீசினும் அது குவியலுக்குள் புகாவிடில், உள்ளே உண்டான சூடு வெளியேற வழியில்லை. களத்தில் யாவரும் அறிந்த இந்த உண்மை, வீட்டின் சமையலறையில் மட்டும் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஊரில் பிரிட்ஜ் என வழங்கும் குளிர்ப்பெட்டிக்குள் பாத்திரங்களை நெருக்கி அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால் யாவும் குளிர்ந்துவிடும் என்று நம்புவது, ஈர நெல்லைக் குவித்துவிட்டுக் காற்று வீசுகிறதே என்று நிம்மதியடைவதை ஒக்கும்.

குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவது ஓரிடத்தில். அது வேண்டியிருப்பது வேறிடத்தில். இவ்விரண்டுக்கும் இடையே போய்வரும் தூதன் காற்று ஒன்றே. அத்தூதனுக்கு வழி விடுவது எப்படி, வழி விடாவிடில் நேரும் தீங்கு யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரைக் கிராமங்களின் நிலைமை

பெரியபட்டினம் கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ளது. பழைய சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த தொன்மையான துறை இது. இக்கரையில் உணவு கெடுவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. முதலாவது உஷ்ணம், கோடையில் நிழலிலும் 32 டிகிரி செண்டிகிரேடைக் கடக்கும் நாட்கள் பல. இரண்டாவது, கடற்காற்றில் எப்பொழுதும் நிறைந்திருக்கும் ஈரம். மூன்றாவது, வீடுகளில் அன்றாடம் புழங்கும் மீன், இறைச்சி, பால், தேங்காய்ப்பால் சேர்ந்த ஆணம் ஆகிய யாவும் விரைவில் கெடும் இயல்புள்ளவை.

உணவைக் கெடுக்கும் கிருமிகளும் நோய் விளைக்கும் கிருமிகளும் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் பெருகும். அனுகூலமான சூட்டில் அவற்றுள் சில 20 நிமிஷங்களுக்கு ஒரு முறை இரட்டிக்கும். அக்கணக்கில் ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். ஆகவே உணவு குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறதா என்பதன்று கேள்வி. அது எத்தனை மணி நேரத்தில் 4 டிகிரிக்கு இறங்கிற்று என்பதே கேள்வி. பெட்டிக்குள் வைத்தும் நடுப்பாகம் வெதுவெதுப்பாகவே இருக்கும் குழம்பு, திண்ணையில் வைத்த குழம்பிலும் அதிகம் மேலானதன்று. திண்ணையில் வைத்ததை வீட்டார் சந்தேகிப்பர். பெட்டியில் வைத்ததைச் சந்தேகியாமல் குழந்தைக்கு ஊட்டுவர். இதுவே பெரிய அபாயம்.

காற்றின் இரண்டு குணங்கள்

காற்றுக்கு ஒன்றுக்கொன்று மாறான இரண்டு குணங்கள் உண்டு. நகரும் காற்று சூட்டைச் சுமந்து செல்லும். அடைபட்டு நின்ற காற்று சூட்டைச் செல்லவொட்டாமல் தடுக்கும். மார்கழிக் குளிரில் கம்பளி காப்பது கம்பளி நூலின் சக்தியால் மட்டுமன்று. நூல்களுக்கிடையே சிக்கி நின்ற காற்றினாலேயே பெரும்பாலும் காக்கிறது. நின்ற காற்று சூட்டைக் கடத்தும் திறனில் தண்ணீரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்விரண்டு குணங்களையும் குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தவரும் அறிந்து உபயோகித்தனர். 1833-ம் வருஷம் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரிலிருந்து, பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி குளத்தில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். புறப்படும்போது சுமார் 180 டன் இருந்த சரக்கில், நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. கட்டிகளைச் சுற்றி இட்டிருந்த மரத்தூளும் அதனுள் நின்ற காற்றுமே அதைக் காத்தன. அவ்வியாபாரத்தின் பொருட்டுச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டிடமே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

பிற்காலத்தில் மேல்நாட்டு வீடுகளில் வழங்கிய ஐஸ் பெட்டியில் காற்றின் மற்றக் குணம் பயன்பட்டது. அதில் பனிக்கட்டியை மேல் அறையில் வைத்து உணவைக் கீழ்த்தட்டுகளில் வைத்தனர். குளிர்ந்த காற்று கனத்தால் கீழே இறங்கும். உணவின் சூட்டை ஏற்ற காற்று இலேசாகி மேலே ஏறும். பனிக்கட்டியைத் தொட்டு மறுபடியும் குளிர்ந்து இறங்கும். ஏற்றச்சாலின் இறக்கமும் ஏற்றமும் போல இச்சுற்று ஓயாமல் நடைபெறும். சுற்று நடக்கும் வரை உணவு குளிரும். இடையில் வழி அடைபட்டால், அதே காற்று கம்பளியாக மாறி உணவின் சூட்டைப் போர்த்திக் காக்கும். பெட்டிக்குள் பாத்திரங்களை நெருக்கிவைப்போர் அறியாமலே செய்வது இதுவே.

பெட்டி வேலை செய்யும் விதம்

இக்காலத்து வீடுகளில் இரண்டு வகைப் பெட்டிகள் காணப்படுகின்றன.

ஒற்றைக் கதவுள்ள சாதாரணப் பெட்டியில், மேலே உள்ள உறையறையே குளிரின் பிறப்பிடம். அதன் சுவரைத் தொட்ட காற்று குளிர்ந்து, தட்டுகளின் முன்னும் பின்னும் உள்ள சந்துகளின் வழியே தானாகக் கீழே இறங்கும். இதில் விசிறி இல்லை. காற்றின் கனமே அதை நடத்துகிறது. எனவே இயக்கம் மெதுவானது; சிறிய தடையும் அதை நிறுத்திவிடும். தட்டு அழுக்காகாமல் இருக்கவேண்டிச் செய்தித்தாளையோ பிளாஸ்டிக் விரிப்பையோ தட்டு முழுவதும் பரப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சுத்தத்தின்பொருட்டுச் செய்யும் இக்காரியம், கீழ்த்தட்டுகளுக்குக் குளிர் இறங்கும் மதகை அடைப்பதாகும்.

இரண்டு கதவுள்ள, உறைபனி படியாத பெட்டியில், குளிர்ச்சுருள் உட்சுவருக்குப் பின்னே மறைந்திருக்கும். ஒரு விசிறி அச்சுருளின்மேல் காற்றை ஓட்டி, உட்சுவரிலுள்ள துளைகளின் வழியே அறைகளுக்கு அனுப்பும். சூடேறிய காற்று வேறு துளைகளின் வழியே சுருளுக்குத் திரும்பும். துளைகள் வாய்க்காலின் மடைகளைப் போன்றவை. வரும் மடையை அடைத்தால் வயல் காயும். போகும் மடையை அடைத்தால் வாய்க்காலே தேங்கும். துளையை ஒட்டி மாவுப் பாத்திரத்தை வைத்தால் அப்பாத்திரத்தில் மட்டும் ஒரு பக்கம் உறைந்துபோகும். அதே வேளையில் கதவருகே உள்ள பால் திரியும். இதைக் கண்டு பெட்டி பழுதென்று ஆளை அழைப்போர், முதலில் அப்பாத்திரத்தை நான்கு விரற்கடை முன்னே நகர்த்திப் பார்ப்பது நலம்.

சூடான பெரிய பாத்திரம்

கந்தூரி, கலியாணம், பொங்கல் முதலிய விசேஷ நாட்களில் மீந்த சோற்றையும் குழம்பையும் அண்டாவோடு பெட்டிக்குள் ஏற்றுவது சகஜம். 5 லிட்டர் குழம்பு 80 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்க, ஏறத்தாழ 375 கிலோ கலோரிச் சூடு வெளியேற வேண்டும். 4½ கிலோவுக்கு மேற்பட்ட பனிக்கட்டி முழுவதும் உருகினால்தான் அவ்வளவு சூட்டை உட்கொள்ளும். ஒரு வீட்டுப் பெட்டி இதைச் செய்து முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பெட்டியின் காற்று முழுவதும் சூடேறி, முன்பே குளிர்ந்திருந்த பாலும் மீனும் கெடத் தொடங்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. பாத்திரத்தை ஒரு தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி, கிளறிவிட்டு, காற்றுப்படும்படி வைத்துச் சூட்டைத் தணிக்க வேண்டும். பிறகு 2 அங்குல ஆழத்துக்கு மேற்படாதபடி அகன்ற தட்டையான பாத்திரங்களில் பிரித்து, இடைவெளி விட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சமைத்த உணவு வெளியில் இருக்கும் நேரம் 2 மணிக்கு மிஞ்சலாகாது. 32 டிகிரிக்கு மேற்பட்ட நாட்களில் 1 மணிக்கு மிஞ்சலாகாது. ஆறட்டும் என்று இரவு முழுவதும் வெளியில் விட்டு, விடியற்காலையில் பெட்டிக்குள் வைப்பது பயனற்றது.

கெட்டதை மறுபடி கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. கொதிநிலை கிருமியைக் கொல்லும். சில கிருமிகள் முன்பே உணவில் விட்டுச்சென்ற விஷத்தை நீக்காது. வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்த சோற்றில் உண்டாகும் வாந்தி விஷம் இத்தகையது.

மீனைப்பற்றிய எச்சரிக்கை

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் இயற்கையாக உள்ள ஒரு சத்தைச் சில கிருமிகள் ஹிஸ்டமின் என்ற விஷமாக மாற்றுகின்றன. மீன் பிடிபட்டது முதல் அடுப்பேறும் வரை குளிர்ச்சி குறைந்த ஒவ்வொரு மணி நேரமும் இவ்விஷம் பெருகும். ஒருமுறை உண்டான பின் சமைத்தாலும், பொரித்தாலும், மறுபடி உறைய வைத்தாலும் அது போகாது. நாற்றத்தாலோ ருசியாலோ அறியக்கூடும் என்பதும் நிச்சயமில்லை. உண்ட சில நிமிஷங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், தலைவலி, வாய் எரிச்சல், அரிப்பு, படபடப்பு முதலியவை தோன்றும். அத்தருணம் மீனை நிறுத்தி, தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஆகையால் மீன் குளிர்வது சீக்கிரமாயும் சீராயும் இருத்தல் அவசியம். கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது, இத்தகைய உஷ்ணப் பிரதேசத்தில், மீனும் பனிக்கட்டியும் சம எடையாக, ஒரு வரிசை ஐஸ் ஒரு வரிசை மீன் என்று பரப்புவது நல்லது. உருகிய தண்ணீர் வடிந்தோட வழியிருக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரில் மீன் மிதக்கலாகாது. வீட்டில் குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, தண்ணீரை வடித்து, மூடியுள்ள தட்டையான டப்பாவில் ஒரே அடுக்காக வைத்து, பெட்டியின் குளிர்ச்சி மிகுந்த பாகத்தில், சமைத்த உணவுக்குக் கீழே வைக்க வேண்டும். ஒரு கூடை மீனை ஒரே பையில் கட்டித் திணித்தால், நடுவிலுள்ள மீன், ஈர நெற்குவியலின் நடுவிலுள்ள நெல்லின் கதியையே அடையும். 1 அல்லது 2 நாட்களுக்குள் சமைக்கப்படாத மீனை முதல் நாளிலேயே உறையறைக்கு மாற்றுவது உத்தமம்.

பெருநாள் இறைச்சி

ஹஜ்ஜுப் பெருநாளன்று பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் கடுமையான சோதனை வருகிறது. குர்பானி இறைச்சி சொந்த வீட்டிலும் உறவினர் வீட்டிலும் இருந்து ஒரே பகலில் வந்து சேரும். அறுத்த சில மணி நேரமே ஆன இறைச்சியில் பிராணியின் உடற்சூடு இன்னும் தணிந்திராது. அதைப் பெரிய பைகளில் அப்படியே கட்டி உறையறை நிரம்பத் திணித்தால், வெளிப்புறம் மட்டும் கல்லாக உறையும். உள்ளே சூடு சிக்கி நிற்கும். சில நாட்களுக்குப் பின் பையைப் பிரிக்கையில் நடுச்சதை நிறம் மாறி நாறுவதற்குக் காரணம் இதுவே. ஏழைகளுக்கும் உறவினருக்கும் உரிய தானப் பொருள் இவ்வாறு வீணாவது, பண நஷ்டம் மட்டுமன்று, மன வருத்தமும் ஆகும்.

இறைச்சியை ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, 1 அங்குலக் கனத்துக்கு மேற்படாமல் பைகளில் தட்டையாகப் பரப்பிக் காற்றை வெளியேற்றிக் கட்ட வேண்டும். கனத்தைப் பாதியாக்கினால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே குறையும். முதலில் பைகளைக் கீழ் அறையில் இடைவெளி விட்டுப் பரப்பிக் குளிரவைத்து, பின்பு சிறிது சிறிதாக உறையறைக்கு ஏற்றுவது நலம். பெட்டி கொள்ளாத மிகுதியை வற்புறுத்தித் திணிப்பதைவிட, அன்றே பகிர்ந்தளிப்பதோ, உப்பும் மஞ்சளும் சேர்த்து வெயிலில் காயவைத்து உப்புக்கண்டமாக்குவதோ புத்திசாலித்தனம். முன்னோர் செய்த உப்புக்கண்டமும் கருவாடும் காற்றோட்டத்தை நம்பிய முறைகளே என்பதை நினைவில் கொள்க.

இங்கு ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். உறையும் வரை பைகளுக்கிடையே இடைவெளி வேண்டும். முற்றிலும் உறைந்த பின் அவை ஒன்றோடொன்று நெருங்கியிருக்கலாம். அப்போது ஒவ்வொரு பையும் மற்றொன்றுக்குப் பனிக்கட்டியாக உதவும். விசிறியுள்ள பெட்டியில் மட்டும் துளைகளை எக்காலத்திலும் மறைக்கலாகாது.

காய்கறி, பழம், மருந்து

எல்லாப் பொருளுக்கும் காற்றோட்டம் ஒரே அளவில் வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று உலர்ந்த காற்று. அது கீரையின்மேல் நேராகப் படுமாயின் ஈரத்தை உறிஞ்சி வாடச்செய்யும். பெட்டியின் அடியிலுள்ள காய்கறி இழுப்பறை மூடியோடு அமைந்திருப்பது இக்காரணம்பற்றியே. கீரை, கொத்தமல்லி, புதினா முதலியவற்றின் தண்ணீரை உதறி, துணியில் தளர்வாகச் சுற்றி அவ்விழுப்பறையில் வைக்கலாம். அதிலும் அமுக்கித் திணித்தால் அழுகும். பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டு அருகிலுள்ள கீரையை மஞ்சளாக்கும். அவற்றைச் சேர்த்து வைக்கலாகாது. வாழைப்பழமும் பழுக்காத மாங்காயும் சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர்க் காயம் பட்டுக் கறுக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெட்டிக்கு வெளியே, காற்றாடும் நிழலில், தனித்தனியே இருக்கவேண்டியவை. பதநீர் வெளியில் விரைவில் புளிக்கும். சுத்தமான பாத்திரத்தில் மூடி உடனே குளிரவைத்தால் புளிப்பு தாமதப்படும். நுங்கையும் மூடியே வைக்க வேண்டும். திறந்து வைத்தால் உலர்வதுமன்றி மீன் வாடையும் ஏறும்.

பல வீடுகளில் இன்சுலின் மருந்தும் பெட்டியில் இருக்கிறது. கால்நடைக்கான தடுப்பு மருந்தைச் சிறிது நேரம் வைக்க நேர்வதும் உண்டு. இன்சுலினும் கோமாரித் தடுப்பு மருந்தும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டியவை. ஒருமுறை உறைந்தாலும் அவற்றின் சக்தி கெடும். அவற்றை உறையறையிலோ, அதனை ஒட்டியோ, குளிர்க்காற்றுத் துளையின் எதிரிலோ வைக்கலாகாது. சூடு ஏறி இறங்கும் கதவிலும் வைக்கலாகாது. நடுத்தட்டே தக்க இடம். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு முன்போலவே இருக்கக்கூடுமாதலால், சந்தேகம் எழுந்தால் உபயோகியாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

பெட்டிக்கு வெளியிலும் காற்று வேண்டும்

உள்ளே பெற்ற சூட்டைப் பெட்டி வெளியே கொட்டுகிறது. அதைக் கொட்டும் குழாய்ச்சுருள் சில பெட்டிகளில் முதுகுப்புறத்திலும், புதியவற்றில் பக்கச் சுவர்களுக்குள்ளும் அமைந்திருக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவதும், அதன் முதுகில் கோணிப்பைகளைச் செருகுவதும், பக்கங்களில் உறை போர்த்துவதும், அச்சூட்டைப் பெட்டிக்கே திருப்பி விடுவதாகும். உடன் வரும் குறிப்பில் கண்ட அளவுப்படி, பொதுவாக 10 செண்டிமீட்டருக்குக் குறையாமல் முதுகுப்புறம் இடம் விட்டு, அடுப்பினின்றும் வெயிலினின்றும் விலக்கி நிறுத்த வேண்டும். முதுகுச் சுருளில் படியும் தூசியையும், கடற்காற்றில் வரும் உப்புப் படிவையும், மின் இணைப்பைத் துண்டித்தபின் உலர்ந்த தூரிகையால் அவ்வப்போது நீக்க வேண்டும்.

கதவைத் திறக்குந்தோறும் குளிர்ந்த காற்று கீழே கொட்டிப்போய், கடற்கரையின் ஈரக்காற்று உள்ளே புகும். அந்த ஈரமே உறையறைச் சுவரில் வெண்பனியாகப் படிகிறது. வெண்பனி தன்னுள் நுண்ணிய காற்றை அடக்கியிருப்பதால், பனியே பனிக்குப் பகையாகிக் குளிரைத் தடுக்கும். சாதாரணப் பெட்டியில் அது கால் அங்குலம் தடிக்குமுன் பெட்டியை நிறுத்தி உருக்கிவிட வேண்டும். கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டுவது பெருந்தவறு. குழாய் ஓட்டைபட்டால் பெட்டி பாழாகும். மேலும் இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது.

கதவு ஓர ரப்பரைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வழுக்கி வந்தால் அவ்விடத்தில் காற்று புகுகிறது என்று அறிந்து ரப்பரைக் கழுவவோ மாற்றவோ வேண்டும்.

மின்சாரம் நின்றால்

புயற்காலத்தில் மின்சாரம் நெடுநேரம் நிற்பது இக்கரையில் புதிதன்று. அப்போது கதவைத் திறவாமல் இருப்பதே முதல் விதி. திறவாத பெட்டியின் கீழ் அறை சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிரம்பிய உறையறை சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரமும் காக்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தண்ணீர்ப் புட்டிகளை முக்கால் பாகம் நிரப்பி உறைய வைப்பது நல்ல முன்னேற்பாடு. 4 மணி நேரத்துக்கு மேல் சூடேறிக் கிடந்த மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு இவற்றை ருசி பார்த்துத் தீர்மானிக்கலாகாது, விலக்குவதே தகும்.

செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை

இங்கு கூறியதை எந்த வீட்டிலும் ஓர் இரவில் மெய்ப்பிக்கலாம். ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் ஒரே குடத்துத் தண்ணீரைச் சமமாக நிரப்ப வேண்டும். ஒன்றை நடுத்தட்டில் நான்கு புறமும் வெளிவிட்டு வைக்க வேண்டும். மற்றொன்றை அதே தட்டில், நெருக்கமாக அடுக்கிய பாத்திரங்களுக்கு நடுவே, துணி போர்த்தி வைக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரு வெப்பமானியால் இரண்டையும் அளந்தால், காற்றுப்பட்ட தண்ணீர் மற்றதைவிடக் குளிர்ந்திருப்பது தெரியும். பின்னர் வெளிவிட்டு வைத்த தம்ளரிலேயே வெப்பமானியை இட்டு இரவு முழுவதும் விட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். 4 டிகிரிக்கு மேல் காட்டினால், முதலில் நெரிசலைக் குறைத்து, பிறகு குளிர் திருகை மாற்றுவது முறை. நெரிசலை விட்டுத் திருகை மட்டும் ஏற்றினால் மின்சாரக் கட்டணம் ஏறுமேயன்றி நடுப்பாத்திரம் சீக்கிரம் குளிராது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. குளிர்நிலை காட்டுவதையே வாங்க வேண்டும்.

மின்சாரப் பெட்டி இல்லாத இடத்தில்

முன்னோர் உறியில் தயிரையும் மோரையும் தொங்கவிட்டது எறும்புக்கும் பூனைக்கும் அஞ்சி மட்டுமன்று. தொங்கும் கலயத்தின் எல்லாப் புறமும் காற்றுப்படும். மண்கலயத்தின் ஈரம் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகும். தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வழியில் ஒரு செங்கல் குளிரறையை அமைத்தனர். 165 செண்டிமீட்டர் நீளமும் 115 செண்டிமீட்டர் அகலமும் உள்ள தளத்தின்மேல் 67½ செண்டிமீட்டர் உயரத்துக்கு இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே 7½ செண்டிமீட்டர் சந்தில் மணல் நிரப்பி, மணலையும் சுவரையும் தண்ணீரால் நனைத்து, நிழற்கூரை போடுவது அதன் அமைப்பு. காய்கறியும் பழமும் அதில் வாடாமல் இருக்கும்.

ஆயினும் உலர்ந்த காற்றடிக்கும் உள்நாட்டில் அது தரும் குளிர்ச்சியை, ஈரக்காற்றுள்ள கடற்கரையில் எதிர்பார்க்கலாகாது. காற்று முன்பே ஈரம் நிறைந்ததாயின் ஆவியாதல் குறையும். இங்கு மேல்காற்று வீசும் உலர்ந்த நாட்களில் காய்கறிக்கு அது உதவும். மீன், இறைச்சி, பாலுக்கு எந்நாளும் உதவாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கிக் கூறுமிடத்து:

1. பாத்திரங்களுக்கிடையே இரண்டு விரற்கடையும், உட்சுவருக்கு முன் நான்கு விரற்கடையும் வெளிவிடுக.
2. தட்டின்மேல் காகிதமும் விரிப்பும் பரப்பற்க.
3. சூட்டைத் தணித்து, 2 அங்குல ஆழமுள்ள பாத்திரங்களில் பிரித்து, மூடி வைக்க.
4. மீனையும் இறைச்சியையும் தட்டையாகப் பரப்பி, சமைத்த உணவுக்குக் கீழே வைக்க.
5. உறையறையில் உறையும் வரை இடைவெளி. உறைந்த பின் நெருக்கம்.
6. பெட்டியின் முதுகுக்கும் மூச்சுவிட இடம் தருக.
7. சந்தேகமான உணவைக் கொதிக்கவைத்துக் காப்பாற்ற முயலற்க.

இவற்றுள் எதற்கும் அதிகச் செலவில்லை. ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும், பெருநாளுக்கும் கந்தூரிக்கும் சில தினங்களுக்கு முன், மகளிர் குழுக்களைக் கூட்டி மேற்சொன்ன தம்ளர்ச் சோதனையைச் செய்துகாட்டச் செய்வார்களாயின், ஒரு மணி நேரப் பேச்சினும் அது அதிகப் பலன் தரும். களத்தில் நெல்லைக் கிளறிக் காற்றுக்கு வழி செய்யும் குடியானவர், அதே நெல்லின் சோறு வீட்டில் மீந்தபோதும் அவ்வழியை அடைக்காதிருப்பாராக.